பவுடர் திரும்பிப் பார்க்காத காலை

பவுடர் செத்த அன்று சாயங்காலமே அதைத் துண்டில் சுற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செத்த நாய்க்குட்டிக்கு எதற்கு டாக்டர் என்று தெருவில் கேட்டவர்களை முறைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். விஷம் என்றால் வைத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நோய் என்றால் குட்டியைக் கொடுத்த மகாராஜபுரத்துக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கலாம். திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"விஷம் மாதிரி தெரியல. அடிபட்ட காயமும் இல்ல. குடல் சுத்தமா இருக்கு. எதனாலன்னு என்னால சொல்ல முடியலம்மா. சின்னக் குட்டிங்க சிலது இப்படிப் போயிரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "காலையில சோர்ந்து கிடந்துச்சா? கூப்பிட்டா திரும்பாம?"

என் வீட்டுக்காரர் காளிராஜ் பக்கத்தில்தான் நின்றார்.

"இல்ல சார், நல்லா விளையாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றேன்.

பச்சைப் பொய். காலையில் பவுடர் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்தது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. வேறு ஜாதி நாயாக இருந்தால் என்ன ஏதென்று பதறியிருப்பேன். இது ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாகப் பிறக்கும் குட்டிகளில் காது கேட்காதது விழும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குட்டியின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பார்ப்போம். நானும் போட்டேன். தட்டு உருண்டு சுவரில் மோதி நின்றது. பவுடர் காதைக்கூட அசைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வாடகை வீட்டில் நாய் எதற்கு என்று கேட்ட காளிராஜிடம் மல்லுக்கட்டி வாங்கிய குட்டி. "செவிட்டு மூதி, உனக்காகவா நான் அம்புட்டு சண்டை போட்டேன்?" என்று கத்திவிட்டு, சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பேண்டேஜ் கம்பெனிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது அதே இடத்தில் விறைத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வன்னியம்பட்டியில் காளிராஜின் அண்ணன் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். காளிராஜ் கல் உப்பை அள்ளிப் போட்டு மண்ணைத் தள்ளினார். நாயே வேண்டாம் என்றவர், கடைசி மண்ணைக் கையால் தட்டிக்கொண்டே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற பயம்தான் நெஞ்சு முழுக்க இருந்தது.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு பரிபூரணம் அக்கா சுவர் ஓரமாக நின்றிருந்தார். தையல் மெஷினை வைத்துத் தனியாகப் பிழைப்பவர். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டில் பவுடரை நான் வைத்துக்கொண்டு, சீனியை அவர் தலையில் கட்டியதும் நான்தான். இப்போது சீனி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. விஷயத்தைச் சொன்னதும் மாரில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏட்டி மாரி, முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுச்சா? எதுக்குக் கேக்கேன்னா, நானும் சீனியைப் பாத்துக்கிடணும்லா."

"ஒண்ணுமே தெரியலக்கா."

அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம் சீனி குரைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் காளிராஜ் லோடு ஏற்ற ஆலங்குளம் போய்விட்டார். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுச் சும்மா கிடந்தேன். மதியம் சுவருக்கு மேல் பரிபூரணம் அக்காவின் தலை தெரிந்தது.

"இது கதையக் கேட்டியா? குக்கர் விசிலு அடிக்கி, இந்த நாய் காதை ஆட்ட மாட்டேங்கு. கூப்டாலும் திரும்பல. அந்த மகாராஜபுரத்துக்காரன் செவிட்டுக் குட்டியக் கொடுத்துட்டான் போல." சிரித்தார். "செவிடா இருந்தா என்ன, கெடக்கட்டும். பிளவுஸ் கொடுக்க ஜவுளிக்கடை வரைக்கும் போறேன், வர நேரமாவும். கொஞ்சம் பாத்துக்கோ."



சொல்லவே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த நிமிஷம் என் மனசில் ஓடியது இதுதான். சீனியும் செத்துவிட்டால் பிறவியிலேயே ஏதோ கோளாறு என்று ஆகிவிடும். பவுடரைக் கவனிக்காமல் விட்ட பழி என்மேல் இருக்காது. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினால் போதும். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். ஒரு செருப்பை மாட்டிவிட்டார்.

"அக்கா, போகாதிய!"

கத்தியே விட்டேன். அவர் திரும்பினார்.

"பவுடரும் இப்படித்தாங்க்கா கெடந்துச்சு. நேத்துக் காலையில. தட்டு போட்டும் திரும்பல. செவிடுன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே ஓடிச் சீனியைப் படுத்திருந்த சாக்கோடு வாரி எடுத்துக்கொண்டு வந்தார். அது பாதிக் கண்ணைத் திறந்து, மறுபடியும் மூடிக்கொண்டது.

என் ஸ்கூட்டியில்தான் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் கிருஷ்ணன்கோவில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது ஒரு தரம், வன்னியம்பட்டி விலக்கில் ஒரு தரம், "மூச்சு இருக்காக்கா?" என்று கேட்டேன். அவர் சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்க்க முயன்றேன். அவருடைய கன்னம் மட்டும்தான் தெரிந்தது. பவுடரைப் புதைத்த தோட்டப் பக்கம் நான் திரும்பவில்லை.

டாக்டரிடம் நானே முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் சீனியை மேஜையில் கிடத்தினார். கண் இமையைத் தூக்கினார், ஈறைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் காதுகொடுத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். சீனி ஒருக்களித்துச் சுருண்டுகொண்டது. பிறகு ஒரு ட்ரேயை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் தரையில் போட்டார். வெளியே நின்ற ஆடுகள் மிரண்டு கத்தின. சீனி அசையவில்லை. பரிபூரணம் அக்கா, "இயேசப்பா" என்று முனகினார்.

டாக்டர் குனிந்து ஒற்றை விரலால் அதன் இடுப்பைத் தொட்டார்.

சீனி துள்ளி எழுந்தது. அவர் கையைப் பொய்க்கடியாகக் கடித்து, வாலை ஆட்டி, மேஜையிலேயே மூத்திரம் பெய்தது.

"காது சுத்தமாக் கேக்கல. மத்தபடி கல்லு மாதிரி இருக்கான். வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்கியிருக்கான், அவ்வளவுதான்" என்று சிரித்தார். "இந்த மாதிரிக் குட்டியக் கூப்பிட்டு எழுப்ப முடியாதும்மா. தொட்டுப் பாருங்க. தூங்குதா, முடியலையான்னு ஒரு தொடுல தெரிஞ்சிரும்."

"அப்போ பவுடரு சார்?"

"அது செவிடா, சோர்ந்து கிடந்துச்சான்னு இனிமே யாரு சொல்ல முடியும்?"

வெளியே வேப்பமரத்தடியில் வண்டிச் சாவியைப் போடக் கை வரவில்லை. தட்டைப் போட்டிருக்கிறேன், கையைத் தட்டியிருக்கிறேன், தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கட்டிலுக்கடியில் கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரிக்கு மாடு ஓட்டி வந்தவர்கள் நின்று பார்க்கும்படி அழுதேன்.

"நான் அதைத் தொடவே இல்லக்கா. ஒரு தடவகூடத் தொடல."

பரிபூரணம் அக்கா, துள்ளிய சீனியை மார்போடு இறுக்கிக்கொண்டார். அதன் முதுகை நீவினார்.

"நேத்து உன்கிட்டக் கேட்டேன்லா, ஏட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.