கிரேன் எப்படி விழுந்தான்

பழைய ஆன்டெனாவைக் கழற்றி இரும்புக் கடையில் போடலாம் என்று மாடி ஏறிய லேத்காரர் அதன் கம்பியை இடது கையால் பிடித்ததும், கீழே அவருடைய அக்கா வீட்டு டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் மறைந்து, இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒளிபரப்பான மல்யுத்த நிகழ்ச்சியின் முதல் வாரம் கறுப்பு வெள்ளையில் ஓடத் தொடங்கியது. அன்று சனிக்கிழமை, மாலை மணி நான்கு. அக்காவின் கணவர், ரிட்டையரான கண்டக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அதே மேடை, மூலையில் ஒட்டுப்போட்ட அதே விரிப்பு. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்ட அதே முதல் வாரத்து வீரர்கள். மேலே லேத்காரர் மூக்கைச் சொறியக் கையை எடுத்தபோது செய்திக்காரப் பெண் திரும்பி வந்து, நாளை மழை என்றாள். அக்கா படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார்: "தம்பி, அதைக் கழட்டாதே. கையை வெச்ச இடத்துல வை."

இப்படி நிற்பது லேத்காரருக்குப் புதிதல்ல. அந்த நிகழ்ச்சி தொடங்கிய காலத்தில் தெருவில் டிவி இருந்தது கண்டக்டர் வீட்டில் மட்டும்தான். முதல் வாரம் படம் அலை அலையாக ஓடியபோது, வீட்டில் இருந்தவர்களிலேயே உயரமான ஆள் என்று மச்சினரை மேலே அனுப்பினார்கள். அவர் கம்பியைப் பிடித்ததும் படம் தெளிந்தது. விட்டால் போனது. ஆகவே எண்பத்து நான்கு சனிக்கிழமைகள், வெயிலோ தூறலோ, அவர் மாடியில் நின்றார். உண்மையில் அங்கே கழன்றிருந்தது ஒரே ஒரு நட்டு. அதை முடுக்கியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நாளுக்கு ஆயிரம் நட்டு கடைகிற மனிதர்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் நான்கு மணிக்கு எல்லோருக்கும் அவசரம், ஐந்து மணிக்கு எல்லோருக்கும் மறதி. மொத்தத்தில், தெருவே பார்த்த அந்த நிகழ்ச்சியில் ஒரு நிமிடத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. கீழே எழுந்த கூச்சலை வைத்து யார் யாரைத் தூக்கினார்கள் என்று மனதுக்குள் தானே ஓட்டிக்கொண்டார்.

எண்பத்து நான்காவது வாரம் இறுதிப் போட்டி. தோளில் தபால் பையோடு மேடை ஏறும் ஒல்லி மனிதர், பேர் தபால்காரர்; எதிரே ஏழடி உயர ஆள், பேர் கிரேன். அன்று கீழே எழுந்த சத்தத்தில் மாடித் தரையே அதிர்ந்தது. கிரேன் விழுந்தான் என்பது மட்டும் லேத்காரருக்குப் புரிந்தது. எப்படி விழுந்தான் என்று இறங்கி வந்து கேட்டபோது, தோளில் தூக்கி எறிந்தார் என்றார் கண்டக்டர். காலை வாரிவிட்டார் என்றார் அக்கா. தபால் பையின் வார் தடுக்கி விழுந்தான் என்று அடித்துச் சொன்னார் சலூன்காரர். மூவரும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தவர்கள். அடுத்த மாதம் கேபிள் வந்தது, ஆளுக்கொரு டிவியும் வந்தது. நிகழ்ச்சியும் கலருக்கு மாறி, புகையும் வாணவேடிக்கையும் சேர்ந்து, வீரர்கள் சண்டை போடுவதைவிட மைக்கில் பேசுவது அதிகமானது. லேத்காரர் கல்யாணம் செய்துகொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடி போனார். கிரேன் எப்படி விழுந்தான் என்ற கேள்வி அவரோடு குடி போனது.

இப்போது பழைய நிகழ்ச்சி திரும்பி வந்திருக்கிறது என்றதும் தெருவே திரண்டது. வயதானவர்கள் நாற்காலியோடு வந்தார்கள். வேறு ஊருக்குப் போனவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். அந்த நாட்களைப்போல வருமா என்று பேசிப் பேசிக் கண் கலங்கினார்கள். வாரம் ஒன்றாக, பழைய வரிசையிலேயே வந்தது. வந்தது மறுபடி வரவில்லை. லேத்காரர் தலை நரைத்தபின் மறுபடியும் மாடியில் நின்றார். "ஒரு மணி நேரம்தானே மாப்ள, எங்களுக்காக நில்லு," என்பார் கண்டக்டர். தனக்காக யார் நிற்பார்கள் என்று லேத்காரர் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை பார்க்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

பதினோராவது வாரம் டிவியை மாடிக்குத் தூக்கிவரச் செய்தார். அவர் கண் பட்ட நொடியில் திரையில் புள்ளிகள் கொதித்தன. கூட நின்ற ஆறு பேருக்கும் புள்ளிதான். இருபதாவது வாரம் படிக்கட்டு நெடுகக் கண்ணாடிகள் நிறுத்தினார். கண்ணாடியிலும் புள்ளி. வீடியோ எடுத்து வைக்கச் சொன்னார். அவர் வாங்கிப் பார்த்தபோது செல்போனிலும் புள்ளி. வீணாய்ப்போன வாரங்களுக்காகத் தெருவினர் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். சலூன்காரர் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லேத்காரர் அசரவில்லை. தேய்ந்த பல்சக்கரத்துக்கு அளவெடுப்பதுபோல, ஒவ்வொரு முறையும் எங்கே தப்பியது என்று குறித்துவைத்து அடுத்ததற்குப் போனார்.

எண்பத்து மூன்று வாரங்கள் தீர்ந்தன. கண்டக்டர் விரல் விட்டு எண்ணி, மிச்சம் ஒன்றுதான் என்றார். அன்றைக்குத்தான் லேத்காரர் அடுத்த சனிக்கிழமை நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். அக்கா அழுதார். கண்டக்டர் சாப்பிடாமல் இருந்தார். நான்கு வாரம் தெருவினர் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார்கள். ஆள் மாடிப் பக்கமே போகவில்லை. அவர் கை படாததால் கடைசி வாரமும் வராமல் காத்திருந்தது. நான்காவது வாரக் கடைசியில் வழி சொன்னவர் அவர் மனைவி. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுத்தவர். தெருவில் அவருக்குத் தொலைபேசியம்மா என்று பெயர்.

"ஏங்க, ரெண்டு பேரு பேசுறப்ப நடுவுல இருக்கிற என் காதுலதான் முதல்ல விழும். படம் உங்க கை வழியாத்தானே கீழ போகுது?"

"ஆமா."

"நான் லைன் குடுக்கலைன்னா பேச்சு என்கிட்டயேதான் நிக்கும். நீங்க ஏன் கீழ குடுக்கறீங்க?"

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு இருவரும் மாடி ஏறினார்கள். விஷயம் தெரிந்த கூட்டம் பின்னாலேயே ஏறி வந்தது. தொலைபேசியம்மா மாடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதை முதுகால் அழுத்தி நின்று, தன் கண்ணுக்கும் லைன் போய்விடக்கூடாது என்று புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "நான் கதவைப் பார்த்துக்கறேன். நீங்க அதைப் பாருங்க." ஆன்டெனாவிலிருந்து சுவரோரமாக இறங்கிய வயரை லேத்காரர் கட்டிங் பிளேயரால் துண்டித்தார். பிறகு இடது கையால் கம்பியைப் பிடித்தார்.

நான்கு மணிக்கு மேடை வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முதல் மூலைக்கம்பம், பிறகு மற்ற மூன்று, பிறகு கயிறுகள், எல்லாம் கறுப்பு வெள்ளையில். மாலை வெயில் மேடைக்கு வெளியே மஞ்சளாகவும் உள்ளே சாம்பலாகவும் விழுந்தது. தபால்காரர் பையைக் கழற்றி மூலையில் மாட்டினார். அவருடைய கால்சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தது. கிரேன் ஏறியபோது மேடை முனகியது. ஐந்து நிமிடம் ஒருவரை ஒருவர் பிடித்தார்கள், தள்ளினார்கள். பிறகு கிரேன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மேடை நடுவில் உட்கார்ந்தான். தபால்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையைக் கிரேனின் பிடரிக்குக் கொடுத்து, தலை அடிபடாமல் மெல்ல மல்லாக்கப் படுக்கவைத்தார். நடுவர் மூன்று எண்ணினார். லேத்காரர் கண் இமைக்காமல் பார்த்தார். இருபத்தாறு வருடமாக மனதில் ஓட்டிய எந்தச் சண்டையும் இப்படி முடிந்ததில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தாழைத் திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. வீரர்கள் போயிருந்தார்கள்.

"எப்படி விழுந்தான்?" என்றார் கண்டக்டர்.

"விழவே இல்ல மாமா. உக்காந்தான். அவரு புடிச்சுப் படுக்க வெச்சாரு."

"சும்மா இரு மாப்ள. தோள்ல தூக்கிப் போட்டாரு. நான் பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன்," என்றார் லேத்காரர். அப்படிச் சொல்ல வாய்த்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. ஆகவே இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து கிரேன் விழுந்ததற்குத் தெருவில் நான்கு விதமான கதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. சண்டை இன்னும் முடியவில்லை. மேடை போகவில்லை. வீட்டு வரிக்கு அளக்க வந்த அதிகாரி அதைக் கட்டடத்தில் சேர்ப்பதா சாமானில் சேர்ப்பதா என்று யோசித்து, சாமான் என்று எழுதிப் போனார். தொலைபேசியம்மா அதன் கயிறுகளில் துணி காயப்போடுகிறார். நல்ல காற்று வருகிறது, சீக்கிரம் காய்கிறது என்கிறார்.