வெளுத்த காய்கள்

"ஆத்தா, எங்கம்மா எதுக்கு ஒங்க மொறத்துலருந்து காய் எடுக்குறாக?"

பள்ளிக்கூடம் விடுமுறை என்று கூடவே வந்திருந்த பூமாரியின் ஐந்து வயது மகள்தான் கேட்டாள். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையின் பொறுக்குக் கூடம் அது. மதியக் கஞ்சி குடித்துவிட்டு அப்போதுதான் வந்த சங்கிலியம்மாளுக்குச் சுருக்கென்றது.

இருபத்திரண்டு வருடமாக ஜன்னலோரம் அவள் இடம். காயை முறத்தில் பரப்பி, வெளுத்ததையும் வெடித்ததையும் கழித்து, பச்சைக் காயை மட்டும் நிறுப்புக்கு அனுப்ப வேண்டும். பக்கத்தில் உட்காரும் பூமாரிக்கோ சாயங்கால நிறுப்பில் எப்போதும் குறையும்.

"பாத்தீகளா?" என்று கணக்கப்பிள்ளை ராக்கையாவைக் கூப்பிட்டாள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒடம்பு வணங்காது. நாங்க பொறுக்குனதுல கைய வச்சு நிறுப்புக் காட்டுவாளுக!"

"எடுத்தியாம்மா?" என்றார் ராக்கையா.

"எடுத்தேன்."

"எதுக்கு?"

பூமாரி சங்கிலியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். வாசலில் மகள், "நா கேட்டது தப்பாம்மா?" என்றாள். "இல்லத்தா, வா" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனாள் பூமாரி.

நாலாம் நாள் சங்கிலியம்மாளின் முறத்தைக் கிளறிய ராக்கையா, "என்னக்கா, எல்லாம் வெளுத்த காயாக் கெடக்கு?" என்றார்.

அவள் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது.

எதிரில் இருந்த சோணையம்மாள் மெல்லச் சொன்னாள்: "ஒங்க கண்ணு மங்கினது பூமாரிக்கு முன்னமே தெரியும் மதினி. ஒங்க மொறத்துல எடுத்ததெல்லாம் கழிவு டப்பாவுலதான் போட்டுச்சு. அதுலதான் அதுக்கு நேரம் போச்சு. வெளிய சொன்னா ஒங்க வேலை போயிரும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு."

சங்கிலியம்மாள் கையிலிருந்த காயை முறத்திலேயே போட்டாள். வேலையைச் சுமந்தது யார், வெறும் பேச்சு பேசியது யார் என்று கௌமாரியம்மனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சாயங்காலம் ராக்கையாவிடம் போனாள். "அது திருடலய்யா. எங்கண்ணுதான் போச்சு. நா நின்னுக்கிறேன். அதக் கூப்புடுங்க."

பூமாரி அதற்குள் மகளோடு மலைமேல் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போயிருந்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. ஆள் அனுப்பி, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, காவலாளி கதவைத் திறந்துவிட்டுத் தேநீருக்குப் போன நேரத்தில் சங்கிலியம்மாள் உள்ளே வந்தாள். ஜன்னலோரத்தைப் பெருக்கினாள். வெந்தயமும் காகிதமும் அரைத்து மெழுகிய தன் முறத்தை அங்கே வைத்து, பூமாரிக்கென்று ஒதுக்கியிருந்த மூட்டையிலிருந்து காயைக் கொட்டினாள். வெடித்த காயைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம், விரல் போதும். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கழித்தாள். ஒரு முறம் முடிந்ததும் இன்னொன்று கொட்டினாள்.

தெருவில் பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.