பஞ்சாலையின் இறக்கை

மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கடற்கொள்ளையருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொள்ளையடிக்கிற வேலைதான். கடல் இல்லாவிட்டால் என்ன, மழை விட்டதும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை போதாதா? கட்டைவிரல் உயரக் கொள்ளையருக்கு, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்று கிடைத்தால் அதுவே கப்பல்.

கப்பல் கிடைத்தது, பாய்தான் கிடைக்கவில்லை. சப்பான்காரன் ஆண்ட காலத்தில் துணிக்கு அப்படியொரு பஞ்சம். ஒன்பது வயது வள்ளிநாயகியே கோணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தாள். அதனால் கொள்ளையர் தலைவன் முருகையா, மரப்பொந்தில் தூங்கிய குட்டித் தேவதை பஞ்சாலையின் ஓர் இறக்கையைக் கழற்றிப் பாயாகக் கட்டிவிட்டான். வெட்கங்கெட்டவன்!

பஞ்சாலை வள்ளிநாயகியின் உள்ளங்கையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“பொழுது சாயறதுக்குள்ள ஒட்ட வைக்கலன்னா அது காஞ்ச எலை மாதிரி உதிர்ந்திடும் வள்ளி. அப்புறம் நான் பறக்கவே முடியாது.”

 தோட்டத்தில் வள்ளிநாயகிக்கு இருந்த ஒரே சிநேகிதி பஞ்சாலைதான். அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஓடைக்கு ஓடினாள்.

“அண்ணே, இறக்கையக் குடுத்திடுங்க லா. நான் வேற பாய் செஞ்சு தர்றேன்.”

முருகையா மீசையை முறுக்கினான். “சரி, சீக்கிரம் செய் புள்ள. நமக்குப் பொறுமை கெடையாது.”

அம்மா ரப்பர் ஷீட் போடுவதை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! ஒரு மங்குப் பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பால் உறைந்ததும் பலகையில் கொட்டி, போத்தலை உருட்டி மெல்லிசாகத் தேய்த்தாள்.

“இத மூணு நாள் புகையில போடணும்ண்ணே. இல்லாட்டி ஒட்டும்.”

“மூணு நாளா!” முருகையா பாயைப் பிடுங்கிக் கட்டினான். இறக்கையைத் தந்தானா? இல்லை. “ரெண்டு பாய் இருந்தா ரெண்டு மடங்கு வேகம்!” என்று கப்பலைக் கிளப்பிவிட்டான்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. 

ஆனால் புதுப்பாயின் ஒரு முனை கரையோர வேரில் ஒட்டிக்கொண்டிருந்ததை எவனும் கவனிக்கவில்லை. கப்பல் போகப் போகப் பாய் நீண்டது. நூலாக நீண்டது. பிறகு, டொப்! போன வேகத்துக்குப் பத்து மடங்கு வேகத்தில் கப்பல் திரும்பி வந்து அவள் காலடியில் கவிழ்ந்தது. ஏழு கொள்ளையரும் ஒரே பந்தாக ஒட்டிக்கொண்டு, “டேய், யாருடா என் காதக் கடிக்கிறது?” என்று கத்தினார்கள்.

வள்ளிநாயகி இறக்கையை அவிழ்த்துப் பஞ்சாலையின் முதுகில் ஒட்ட வைத்தாள். பஞ்சாலை விர்ரென்று கிளம்பி மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். வள்ளிநாயகி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

“பாய் இல்லாம எப்படி வீட்டுக்குப் போறது?” என்று முனகினான் முருகையா. “புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்.”

நானாக இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். அவளோ கொள்ளையரைப் பிரித்தெடுத்தாள். சட்டையின் அடியில் ஒரு சாண் கோணியைக் கிழித்துக் கப்பலில் கட்டினாள்.

பாயைப் பிடித்த முருகையா பரபரவென்று கையைச் சொறிந்தான். “ஏ புள்ள, இதையா நாள் முழுக்க ஒடம்புல போட்டுக்கிட்டிருக்க?”

அவள் தலையாட்டினாள்.

 முருகையா தன் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து நீட்டினான். அவளுடைய சுண்டுவிரல் நகமளவுதான் இருந்தது. ஆனால் நல்ல பருத்தி.

கோணி அதிகம் உரசும் பின்கழுத்தில் அதை அம்மாவிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டாள். அந்த ஓர் இடம் மட்டும் அதற்குப் பிறகு அரிக்கவே இல்லை.