கத்தரிக்குப் பத்து வரிசை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
மார்கழி 3

கவிநிலா,

உங்கள் வேளாண்மை அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதனால் முதலிலிருந்து எழுதுங்கள் மாமா என்று போனில் சொன்னாய். உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள். அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தபால் பிரிவில் இருந்தவன், வந்த கடிதத்துக்கெல்லாம் எண் போட்டுப் பழகியவன். சுருக்கமாக எழுத வராது.

ஓய்வு பெற்றபோது எனக்கும் என் மனைவி மஹ்பூபாவுக்கும் வேங்கிக்காலில் ஒரு மாடி வீடு, வாடகைக்கு. கைப்பிடி மண் கிடையாது. மஹ்பூபாவிடம் ஜாக்கெட் தைக்க வந்து போன பழக்கத்தில் உன் அம்மா ஒருநாள், "அடி அண்ணாமலைல எங்க கொல்லைய ஒட்டி எட்டு சென்ட் சும்மாதான் கெடக்குது. ஏதாவது போட்டுக்குங்க பாய்" என்றார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த எட்டு சென்ட்தான் நானும் மஹ்பூபாவும் ஒரு மணி நேரம் சண்டை போடாமல் இருக்கிற ஒரே இடமாக ஆயிற்று. அதனால்தான் அது போய்விடும் என்று ஆனபோது எனக்கு அவ்வளவு பதறியது.

நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஒரே பயிரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு மஹ்பூபாவிடம் கேட்டேன்.

"உனக்கு என்னென்ன வேணும்?"

"கத்தரிக்கா."

"அப்புறம்?"

"தக்காளி. மிளகா. இது மூணும் இருந்தா என் அடுப்பு எரியும். பாக்கியெல்லாம் போட்டா நீங்களே ஆக்கிக்குங்க."

கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணியை இறக்கினால் மஹ்பூபா அதற்குப் பிரியாணி என்று பெயரே சொல்ல மாட்டாள். ஆகவே நிலத்தை மூன்று பாத்தியாகப் பிரித்தேன். கத்தரி இருந்த இடத்தில் அடுத்து தக்காளி, தக்காளி இருந்த இடத்தில் மிளகாய், மிளகாய் இருந்த இடத்தில் கத்தரி. மூன்று வருடத்துக்கு அட்டவணை. ஒரு பாத்தியில்கூட ஒரே பயிர் அடுத்தடுத்து வராது. அந்தத் தாளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் வருடம் பை பையாகக் காய்த்தது. இரண்டாம் வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி செத்தது. மூன்றாம் வருடம் ஆனி மாதத்தில், நாற்பது கத்தரிச் செடியும் ஒரே வாரத்தில் தலை சாய்ந்தன. இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது, செடி மட்டும் துவண்டு கிடக்கிறது. அடுத்த வாரம் தக்காளி. அதற்கடுத்து மிளகாய். பிடுங்கிப் போட்டதும் எட்டு சென்டும் வெறும் தரையானது.

உன் அண்ணன் அன்பரசன் வந்து பார்த்தார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்றவங்க வண்டி உட எடமில்லாம ரோட்லயே நிறுத்தறாங்க. சும்மா கெடக்கறதுக்கு இத பார்க்கிங்னு உட்டுடலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நிலம் அவர்களுடையது.

உன் அம்மாதான் நடுவில் ஒரு பேச்சு வைத்தார். "கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்கலாம்டா. அதுக்குள்ள தரை தெரியாத மாதிரி ஏதாவது வளந்திருந்தா பாய்க்கு. வெறும் தரையா கெடந்தா வண்டிக்கு."

ஆடியில் நீ லீவுக்கு வந்தாய். அதை நான் எத்தனை முறை நினைத்துக்கொள்கிறேன் தெரியுமா? நான் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு கத்தரித் தண்டை நறுக்கி, மஹ்பூபாவின் சர்பத் கிளாசில் தண்ணீர் ஊற்றி, அதில் தண்டின் முனை படும்படி பிடித்தாய். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் ஒன்று தண்ணீரில் இறங்கியது. "இது வாடல் நோய் மாமா. மண்ணுல இருக்குது" என்றாய். நான் என் அட்டவணையை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாய்.

"மாமா, இது பயிர் சுழற்சி இல்ல. கத்தரி, தக்காளி, மிளகா மூணும் ஒரே குடும்பம். ஒரே வீட்டு ஆளுங்கள நாற்காலி மாத்தி மாத்தி உக்கார வெச்சிருக்கீங்க. நோய்க்கு மூணு வருஷமும் விருந்து."

முப்பத்தொரு வருடத்தில் என் தாளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஆனால் நீ சொன்னது உறைத்தது. பெயர் வேறு, ருசி வேறு என்பது நாக்கின் விஷயம். மண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான்.

"மூணு வருஷத்துக்கு இங்க இது எதுவும் வேணாம். கொத்தவரை போடுங்க, காராமணி போடுங்க" என்றாய்.

"கொத்தவரங்காயா!" என்றாள் மஹ்பூபா. "கசப்புக்குக் கசப்பு, நாருக்கு நாரு. பாத்திகட்டி, தண்ணி ஊத்தி, அத வளத்துத் திங்கணுமா நான்?"

வரப்பில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, "நீ ஏன் திங்கற? நான் திங்கறேன்" என்றார். "எனக்குக் கொத்தவரங்கா வத்தல்னா உசுரு. எங்க வூட்ல கத்தரிக்காயத்தான் யாரும் தொடறதில்ல. பாய், நீங்க உங்க வாய்க்கு மட்டும் வெதச்சீங்க. எங்க வாயையும் சேத்துக்குங்க. இங்க எனக்குப் புடிச்சது வெளயட்டும். எங்க மேட்டுல கேவரகு அறுத்த எடத்துல மஹ்பூபாவுக்குக் கத்தரி பத்து வரிசை வெச்சிக்குங்க."

அவ்வளவுதான். நான் நோட்டும் ஸ்கேலுமாக மூன்று வருடம் யோசித்தது, உன் அம்மாவுக்கு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் தோன்றிவிட்டது.

நீ கிளம்பும்போது, மேடு உயரம், கீழ்த் தண்ணீர் அங்கே ஏறாது, ஆனால் நோய் மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவாமல் மேலே கொண்டுபோகக் கூடாது என்றாய். நான் வரப்பில் ஒரு வாளி வைத்தேன். மஹ்பூபா அதோடு விடவில்லை. "மண்வெட்டிய மட்டும் கழுவினா ஆச்சா? செருப்பு? பள்ளிவாசல்ல கழட்டறீங்க இல்ல, இங்கயும் கழட்டிட்டு ஏறுங்க" என்றாள். இன்றுவரை நான் மேட்டில் வெறுங்காலோடுதான் நிற்கிறேன்.

ஆவணிக் கடைசியில் கொத்தவரை விதைத்தோம். முளைப்பு நன்றாக இருந்தது. பிறகு ஐப்பசி மழை. நாலு நாள் விடாமல் கொட்டி, கீழ்ப்பக்கம் தண்ணீர் நின்று, பாதிச் செடி அழுகிப் போயிற்று. வழுக்கைத் தலை மாதிரி நடுநடுவே தரை தெரிந்தது. தீபத்துக்கு ஐந்து வாரம்கூட இல்லை. நான் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா, எண் போட்டு முடிச்சாச்சா?" என்று கேட்டாள் மஹ்பூபா. அவளே பஸ் ஏறிப் போய், தண்ணீரை வடித்துவிட்டு, உன் அம்மா கொடுத்த காராமணியை இடைவெளியிலெல்லாம் ஊன்றிவிட்டு வந்தாள். காராமணியும் அவளுக்குப் பிடிக்காது என்பதை நீ மறந்துவிடக் கூடாது.

தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் அன்பரசன் கயிறும் முளைக்குச்சிகளுமாக வந்தார், வண்டிக்கு வரிசை பிரிக்க. நான் மேட்டில் இருந்தேன். கொத்தவரை இடுப்பளவு நின்றது. நடுவே காராமணிக் கொடி ஓடிப் பரவியிருந்தது. உன் அம்மா உள்ளே குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். முந்தானை நிறைந்திருந்தது.

"இன்னாம்மா, தரையே தெரியல?"

"தெரிஞ்சாத்தானடா வண்டி? கயித்த எங்க கட்டப் போற, என் காய் மேலயா?"

அன்பரசன் வரப்போரமாக நடந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்க பாய். இவ்ளோ கயித்த இப்ப நான் இன்னா பண்றது?" என்றார்.

மஹ்பூபா விடுவாளா? "அவரைக்குப் பந்தல் போடணும் அன்பு. வந்தது வந்த, கட்டிட்டுப் போ."

கட்டிவிட்டுத்தான் போனார். நல்ல பந்தல். போகும்போது மட்டும், "எனக்கு வெண்டக்கா புடிக்கும். அத எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். புது அட்டவணையில் இப்போது இரண்டு வீட்டு ஆட்களின் பெயரும் இருக்கிறது. யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து, எந்தக் குடும்பம் எதன் பின்னால் வரலாம் என்று உன்னிடம் கேட்டுத்தான் கட்டத்தை நிரப்புவேன். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. தப்பு இருந்தால் சிரித்துவிட்டே திருத்தி அனுப்பு.

மேட்டுக் கத்தரி போன வாரம் முதல் பறிப்பு. மஹ்பூபா பிரியாணிக்கு ஆக்கி, உங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனாள். திரும்பி வந்த கிண்ணத்தில் உன் அம்மா தேங்காய் போட்டு வதக்கிய கொத்தவரங்காய் இருந்தது. திருப்பி அனுப்ப முடியாது என்று மஹ்பூபா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். என்னைப் பார்க்காமல், "கசப்பு கம்மியாத்தான் இருக்கு" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தட்டில் போட்டுக்கொண்டாள்.

நீ அந்தத் தண்டை நறுக்காமல் போயிருந்தால், நாலாம் வருடமும் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பேன். நன்றி அம்மா. வத்தல் ஒரு பொட்டலம் தனியாக அனுப்புகிறேன். எண்ணெய் ஜாஸ்தி விடாமல் பொரிக்கச் சொன்னார் உன் அம்மா.

ஜியாவுல்லா