புல்வெளியில் எடுத்த சங்கு

லுவீனியாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. சர்ச் மாதர் சங்கத்தார் பஸ் பிடித்துத் தென் கரோலினாவின் பழைய பண்ணை மாளிகைகளைப் பார்க்கக் கிளம்பியதே அவள் நச்சரிப்பால்தான். கடைசி மாளிகையின் ஆற்றங்கரைப் புல்வெளியில் அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். மகள் டெல்ஃபின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நம்மாளுங்கள அடிமையா வச்சிருந்த வீடும்மா. மனசு ஒப்பல."

"அவங்க தலைகுனிஞ்சு நின்ன இடத்துல நீ மகாராணியா நடக்கணும்டி" என்று லுவீனியா ஒற்றைக்காலில் நின்று சாதித்துவிட்டாள்.

புல்வெளியில் இறங்கியதும் தோழி ஹெஸ்டர் கிண்டலை ஆரம்பித்தாள். "எல்லாம் சரிடி. பொண்ணோட அம்மா போடப்போற தொப்பிக்கு இந்த இடம் பத்துமா?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. இல்லன்னா உனக்குக் கேக் கிடையாது."

சொல்லி முடிப்பதற்குள் ஹெஸ்டரின் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மாளிகையைச் சுற்றிக்காட்ட வந்த பெண் ஓடிவந்து பிடித்தாள். "பாத்து மேடம். இங்க வரிசையா இப்படித்தான். எவ்வளவு மண்ணு கொட்டினாலும் அமுங்கிடுது. கல்யாணத்துக்குப் பலகை போட்டு மூடிடுவோம்."

ஹெஸ்டர் குனிந்து பார்த்தாள். ஆள் நீளப் பள்ளம். பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று, எல்லாம் கிழக்கு பார்த்து. வருஷா வருஷம் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் களை பிடுங்குகிறவர்கள் அவர்கள். அவை அடிமைகளின் கல்லறைகள் என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இங்க சங்கெல்லாம் கிடந்திருக்குமே" என்றாள் ஹெஸ்டர் மெதுவாக.

"ஆமா, உடைஞ்ச தட்டு, கோப்பைகூட. குப்பைன்னு வாரிட்டாங்க."

கல்லறைமேல் சங்கும் செத்தவர் புழங்கிய தட்டும் வைப்பது அவர்கள் வழக்கம்; வைத்ததை யாரும் தொடமாட்டார்கள். எடுத்தால் அதற்கு உரியவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். முன்பு இடம் பார்க்க வந்த அன்று, மரத்தடியில் பாதி புதைந்து கிடந்த சங்கை, கல்யாண மேசைக்கு அழகாக இருக்குமென்று லுவீனியாவே கிளறி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கல்யாணக் குஷியில் கண் தெரியவில்லை, பாவிக்கு.

அந்த மரத்தடிக்குப் போனாள். அங்கேயும் பள்ளம் இருந்தது. அவள் கை நீளம்கூட இல்லை.

மகளுக்குப் போன் போட்டாள். "அந்தச் சங்கு எங்கடி?"

"தலைமாட்டுலதான்மா. தெனமும் காதுல வச்சுக் கேட்டுட்டுத்தான் தூங்குறேன். ஏன்?"

லுவீனியா பள்ளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்துக்கிட்டு இப்பவே வா. கல்யாணம் இங்க இல்ல. அந்தச் சங்கு ஒரு கைக்குழந்தையோடது."