பூட்டிவிடுவாள்

காலையில் பயிற்சி வகுப்பு. மடிப்புக் கலையாத சட்டையில் வந்த பயிற்சியாளர், லிஃப்ட் பரிசோதகர்களான எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். வாழ்க்கையில் எதை விட்டுக்கொடுக்கவே மாட்டீர்களோ அதை எழுதுங்கள், தினமும் அதன்படி நடக்கிறீர்களா என்று யோசியுங்கள் என்றார். பட்டப்பகலிலும் டார்ச் இல்லாமல் நகராததால் நாங்கள் ‘டார்ச்சு’ என்று கூப்பிடும் ஆள், சட்டென்று ‘குடும்பம்’ என்று எழுதி, பக்கத்தில் பூவும் வரைந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. நேர்மை, கடமை என்று எதை எழுதினாலும் எனக்கு நானே மாலை போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. வெற்று அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று என் தங்கை குடியிருக்கும் கட்டடத்துக்கு வருடாந்தரப் பரிசோதனை. அவள் வீடு எட்டாவது மாடி. அவளுக்கு நிறைமாதம்.

லிஃப்டுக்குள் எடைகளை ஏற்றி எட்டாவது மாடியில் நிறுத்தினேன். நின்ற லிஃப்ட் சத்தமே இல்லாமல் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு விரற்கடை. மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போய்ப் பார்த்தால், பிரேக் கட்டை தேய்ந்து தகடாகியிருந்தது. ஒருத்தர் ஒரு காலை உள்ளே வைக்கும்போது அது முழுசாக நழுவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, சிவப்புப் பலகையை மாட்டினேன்.

தங்கை வாசலிலேயே நின்றாள்.

“பூட்டிட்டியாக்கா?”

“பிரேக் போயிடுச்சு. நின்ன இடத்துல நிக்க மாட்டேங்குது.”

“தெரியும்.”

“என்னடி தெரியும்?”

“ஒரு மாசமாவே அப்படித்தான். இந்த பில்டிங் மொத்தத்துக்கும் தெரியும். பார்த்துப் பார்த்து ஏறி இறங்குறோம்.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல? நான் என்ன வேலை பார்க்கிறேன்னு தெரியும்ல?”

“தெரிஞ்சதாலதான் சொல்லல. சொன்னா பூட்டிடுவே. கீழ்வீட்டு அக்கா புகார் குடுக்கப் போனாங்க, நான்தான் தடுத்தேன். இப்ப எனக்கு வலி வந்தா? எட்டு மாடியும் நடந்தா இறங்குவேன்? கூடப் பிறந்தவளுக்காக ஒரு பத்து நாள் கண்டுக்காம இருக்கக் கூடாதா?”

“முடியாது.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

படியில் இறங்கும்போது அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என்னை இவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது! தெரிந்ததால் அல்லவா உயிரைப் பணயம் வைத்து மறைத்திருக்கிறாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன். ‘பூட்டிவிடுவேன்’ என்று எழுதினேன்.

மறுநாள் அட்டையைப் படித்த பயிற்சியாளர், இது வினைச்சொல் ஆயிற்றே என்று விழித்தார். டார்ச்சு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. வலி எடுத்துவிட்டது.

சாப்பாட்டு நாற்காலியில் அவளை உட்காரவைத்து, மாப்பிள்ளை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கி இறக்கினோம். மாடிக்கு மாடி அக்கம்பக்கத்தார் கை கொடுத்தார்கள். எல்லோரும் என்னை முறைத்தார்கள். வலி விட்ட நேரத்திலும் தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் போனபோதெல்லாம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் புது பிரேக் போட்டு லிஃப்டைத் திறந்துவிட்டார்கள். நான் கீழே பைகளோடு ஓரமாக நின்றிருந்தேன். மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. தங்கை குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஏறு, சரி பண்ணிட்டாங்க” என்றார் மாப்பிள்ளை.

அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன். எடை ஏத்தியும் பார்த்தேன், நானே ஏறியும் பார்த்தேன்.”

காலை உள்ளே வைத்தாள்.