நேராக வரைந்த சுவர்

நான் வரைந்த பதினெட்டுத் தாள்களில் பதினேழைச் சுவரில் ஒட்டி முடித்துவிட்டேன். கடைசித் தாளோடு ஏணியில் நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. யாரோ வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று இளித்துக்கொண்டே இறங்கினேன். இன்னும் மூன்று மணி நேரத்தில் இதே கண்காட்சி அரங்கில் நான் பேச வேண்டும்.

இளம் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கான பயண ஃபெல்லோஷிப் ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. படித்து முடித்து ஐந்து வருடம் ஆகாதவர்களில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து, ஆறு மாதம் ஊர் ஊராகப் போய், பிடித்த விஷயத்தைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புவார்கள். திரும்பி வந்து, வரைந்ததையெல்லாம் கண்காட்சியாக வைத்து, குழுவின் முன்னால் பேச வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் புத்தகமாகப் போடுவார்கள். ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், அப்படி நடந்ததே இல்லையே என்பார்கள். அதற்கு முன் மூன்று வருடம் ஒரு அலுவலகத்தில் கழிப்பறைக் கதவு உள்ளே திறக்க வேண்டுமா வெளியே திறக்க வேண்டுமா என்பதை மட்டுமே முடிவு செய்துகொண்டிருந்தவள் நான். புத்தகம் வந்தால்தான் எனக்கென்று ஒரு பெயர். அந்த நினைப்பில்தான் ஐந்து ஊர் மூட்டைப்பூச்சிக்கும் உடம்பைக் கொடுத்தேன்.

என் விஷயம் லேண்டிங். லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிகளில் படிக்கட்டு திரும்பும் இடத்தில் இருக்கிற சின்ன மேடை. செருப்பு அங்கே, சைக்கிள் அங்கே, மாமியாருக்குக் கேட்காமல் பேசும் பேச்சு அங்கே. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நாலடி இடத்தில்தான் பாதிக் குடித்தனம் நடக்கிறது என்பது என் கட்சி.

வந்தது வாழ்த்து இல்லை, ஒரு புகைப்படம். அனுப்பியவர் தையல்காரம்மா. நான் போன மூன்றாவது ஊரில் ஒரு நான்கு மாடிக் கட்டடம். அதில் மூன்றாவது மாடியில் அவரும் கணவரும் இரண்டு தையல் மெஷினும். ஒன்பது நாள் அந்தப் படிக்கட்டை நான் அளந்துகொண்டிருந்தபோது, என் கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கியதைப் பார்த்து எனக்கு டேப்பு என்று பெயர் வைத்தவர். “நானும் டேப்பு, நீயும் டேப்பு. ஆனா உன் ஜாக்கெட்டு மட்டும் ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு?” என்று கேட்டு, மறுநாளே பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

படத்தில் மொட்டை மாடி. சிமென்ட் மூட்டைகள், கம்பிகள், பாதி எழும்பிய தூண்கள். கீழே ஒரு வரி: “டேப்பு, உன் புண்ணியத்துல இன்னொரு மாடி வருது. ஓனர் உன் படத்தை முனிசிபல் ஆபீஸ்ல காட்டித்தான் அனுமதி வாங்கினாராம்.”

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் பொய். அளந்த கட்டடத்துக்காரர்களுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்பது ஃபெல்லோஷிப் விதி. வரைந்து, முத்திரை வைத்து, தபாலில் அனுப்பியிருந்தேன். ஓனர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டியிருந்ததும் தெரியும். அது அனுமதி வாங்கும் அளவுக்கு இருக்கிறதா என்று, சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கட்டடத்தின் தாளை நிமிர்ந்து பார்த்தேன். புது மாடி எங்கே உட்காரும் என்று மனசுக்குள் கோடு போட்டேன். அப்போதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவர் நேராக இல்லை. தாளில் நேராக இருந்தது.

படிக்கட்டுக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து இருக்கும். அதில் நான்காவது மாடியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு மாடியிலும் அளப்பேன். சுவர் நேராக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். அங்கே வந்தது வேறு. நான்காவது மாடியில் இருபது சென்டிமீட்டர், பிறகு இருபத்திரண்டரை, இருபத்தைந்து, இருபத்தெட்டு, தரையில் முப்பத்தொன்று. காற்று, என்று முடிவு கட்டினேன். ஜன்னல் கண்ணாடி உடைந்த படிக்கட்டு, நூல் ஆடியிருக்கும். காற்று மாடிக்கு மாடி இப்படி ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொண்டா ஆடும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் முதல் வாரமே பழக்கிவிடுவார்கள். அளவில் சின்னக் கோணல் வந்தால் சரிசெய்து வரை, சுவர் என்றால் தொண்ணூறு டிகிரி. கணினியில் அதற்கென்று ஒரு பொத்தானே இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் கோடு நேராக மட்டும்தான் போகும். மூன்று வருடத்தில் நான் அதை ஒருநாளும் அணைத்ததில்லை.

பையைக் கவிழ்த்து நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தையும் தாளையும் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நீங்க அழகா கோடு போடுங்க, நாங்க முட்டுக் குடுக்கறோம் என்று தினமும் என்னை வாருகிறவள். இரண்டே நிமிடத்தில் கூப்பிட்டாள்.

“ஏன்டி, எது நிஜம்? நோட்டா, படமா?”

“நோட்டு.”

“அப்போ படம்?”

“நேராக்கிட்டேன்.”

அக்கா வாரவில்லை.

“பன்னெண்டு மீட்டர் உயரத்துக்குப் பதினோரு சென்டி சாஞ்சிருக்குன்னா அது கோணல் இல்லடி. அஸ்திவாரம் ஒரு பக்கமா இறங்கியிருக்கு. அது மேலயா மாடி ஏத்தறாங்க?”

“ஆமா.”

“எத்தனை பேர் இருக்காங்க?”

“இருபத்தொன்பது.” எனக்கு அது தெரியும். லேண்டிங்கில் கிடந்த செருப்புகளைக் குடும்பம் குடும்பமாக எண்ணி ஒரு அட்டவணையே போட்டிருந்தேன்.

“எல்லாரையும் கீழ இறங்கச் சொல்லு. இப்பவே. அழறதை அப்புறம் வச்சுக்கோ.”

தையல்காரம்மா எடுத்ததும் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மூச்சு விடாமல் சொன்னேன். கட்டடம் சாய்கிறது, வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். மெஷின் நின்றது.

“சாயுதுன்னு எங்களுக்குத் தெரியும் கண்ணு,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “தெரியுமா?”

“மேஜையில நூல்கண்டு நிக்காது, உருண்டு சுவரோரம் போயிடும். கதவு தானா சாத்திக்குது. ரெண்டு வருஷமா பயந்துதான் கிடந்தோம். வேற வீடு பாத்துப் பேசி முடிச்சு, பாத்திரமெல்லாம் கட்டி வச்சாச்சு. அந்த வாரம்தான் உன் படம் வந்துச்சு. இவரு அளவுகோலை எடுத்து வச்சுப் பாத்தாரு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு நூல் பிசகல. ஒன்பது நாள் உக்காந்து அளந்த பொண்ணு, படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடப் போகுதுன்னாரு. கட்டினதைப் பிரிச்சு வச்சுட்டோம். மேல் வீட்டுக்காரங்களும் எங்களைப் பாத்து இருந்துட்டாங்க.”

ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கட்டடம் சாய்ந்தது என் தப்பில்லை, நான் கவனிக்கத் தவறினேன், அவ்வளவுதான் என்று அதுவரை உள்ளுக்குள் ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். போகக் கிளம்பியவர்களை உட்கார வைத்தவள் நான்.

“அன்னிக்கு நேரா இருக்குன்னே. இன்னிக்குச் சாயுதுங்கறே. எதைம்மா நம்பறது?”

“நான் அனுப்பின படம் பொய்ம்மா.”

“தப்பா, பொய்யா?”

தப்பு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நோட்டில் பதினோரு சென்டி என்று என் கையால் எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டு, பிறகுதான் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“பொய்,” என்றேன்.

“இதை நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடறேன்,” என்றபடி படியேறினார். அவர் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. வீடு வீடாகக் கதவைத் தட்டினார். எட்டு வீட்டு வாசலிலும் அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். நான் வரைந்தது பொய், கட்டடம் சாய்கிறது, வெளியே வாருங்கள். இரண்டாவது மாடிக்காரர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு குழந்தை யார் பேசுவது என்று கேட்டது. ஓனர் கடைசியாக ஃபோனை வாங்கி, “என் வேலையைக் கெடுக்க உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?” என்றார். அவரிடமும் அதையேதான் சொன்னேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். எட்டாவது தடவையும் அதே மாதிரிதான் இருந்தது.

ஃபோனை வைத்தபோது ஃபெல்லோஷிப் ஒருங்கிணைப்பாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நல்ல மனிதர். ஆறு மாதமும் எங்கிருந்து கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுப்பார்.

“பதட்டப்படாதீங்க. அந்தத் தாளை மட்டும் எடுத்துடலாம். பதினேழு போதும். ஆபீஸுக்கு, அளவுகள் தோராயமானவைன்னு ஒரு கடிதம் நான் போடறேன்,” என்றார்.

பூசி மெழுகுவதை இவ்வளவு அன்பாகவும் செய்ய முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு கணம் ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

“தோராயம் இல்ல சார். தெரிஞ்சே மாத்தினேன். மத்த தாளெல்லாம் அப்படித்தான் வரைஞ்சிருக்கேன். எந்தச் சுவர் நிஜமா நேரா இருந்துச்சுன்னு நோட்டைப் பாத்தாத்தான் எனக்கே தெரியும்.”

அவர் முகம் பேயறைந்தது போலாயிற்று. சுற்றிச் சுவர்களைப் பார்த்தார். பதினேழு தாள்களும் பளபளவென்று, கத்தியால் வெட்டிய மாதிரி நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. “குழுவுக்கு நான் என்ன சொல்றது?” என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

அந்த ஊர் ஆபீஸுக்குக் கையால் எழுதினேன். இந்த வரைபடம் உண்மை அல்ல, நான் அளந்தது இது, எடுத்த நாள் இது, இதை வைத்துக் கொடுத்த அனுமதியை நிறுத்துங்கள். நோட்டுப் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, எடுக்கிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எடுத்தவர், “இது உங்க கையெழுத்துதானே? அதுவும் உங்க முத்திரைதானே?” என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

பேச வேண்டிய நேரத்தில் குழுவின் முன்னால் நின்று நோட்டைத் திறந்து காட்டினேன். நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. புத்தகம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தாள்களை நானே கிழியாமல் கழற்றிச் சுருட்டினேன். கிழித்துப் போட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எதை எதைச் சரிசெய்தேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் தையல்காரம்மா கூப்பிட்டார். தெருச் சத்தம் கேட்டது.

“ஆபீஸ்லேர்ந்து இன்ஜினியர் வந்தாரு. உன்னை மாதிரியே குண்டு விட்டுப் பாத்தாரு. பதினாலாம்.”

“பதினொண்ணும்மா.”

“பதினாலு. மூணு தடவை அளந்தாரு. கீழ் ரூம் தூணுல பெரிய வெடிப்பு, அலமாரிக்குப் பின்னால மறைஞ்சு கிடந்துச்சு. யாரும் உள்ள போகக் கூடாதுன்னு வாசலைச் சாத்தி சீல் வச்சுட்டுப் போயிட்டாங்க.”

நான் அளந்த பிறகு வந்த ஆறு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர். நான் வெயிலில் சுற்றிக்கொண்டு, தாளில் கோடு போட்டுக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு இருந்த ஆறு மாதம்.

“எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?”

“வந்துட்டோம். எண்ணிப் பாத்துட்டேன். மெஷின்தான் உள்ள மாட்டிக்கிச்சு.”

“அன்னிக்குப் பேசி வச்ச வீடு...”

“போய்க் கேட்டோம். வேற யாரோ குடிவந்துட்டாங்க.”

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “நான் கிளம்பி வரேம்மா,” என்றேன்.

“வந்து என்ன பண்ணப் போறே? அளக்கவா?”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் யாரோ ஒரு பாயாவது கிடைக்குமா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பது கேட்டது.

“தெரியலம்மா,” என்றேன். “வரேன்.”